அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட்: வெறும் காப்புரிமைக் கோர்ட்டா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. அமெரிக்காவில் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குகளுக்கென்றே தனியாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறதாமே, அது எதற்கு? அதில் உட்காரும் நீதிபதிகள் எல்லோருமே எஞ்ஜினியர்களா? நான் காப்புரிமை வரைவு எழுதுகிற வேலையில் இருப்பவன். அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் படிக்காமல் என் வாரம் ஓடாது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளும் இதே இரண்டைத்தான் கேட்பார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காப்புரிமைக் கோர்ட் என்பது பாதி உண்மை. நீதிபதிகள் எல்லோரும் எஞ்ஜினியர்கள் என்பது தவறு. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றே: இந்த நீதிமன்றத்தை உருவாக்கியவர்கள், ஒரே ஒரு துறைக்கென்று கோர்ட் வைத்தால் என்ன ஆகும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மொத்தம் 13. ஒவ்வொன்றையும் சர்க்யூட் என்பார்கள். அவற்றில் 11 நீதிமன்றங்கள் எண்ணால் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சில மாநிலங்கள். 12-வது, தலைநகருக்கான டி.சி. சர்க்யூட். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசன் 2020-இல் தலைமை நீதிபதியானது அங்கேதான். நம் ஊரில் பலர் அதையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நாம் பேசுவது 13-வதைப் பற்றி. அதன் பெயர் ஃபெடரல் சர்க்யூட். மற்ற 12-க்கும் எல்லை என்பது வரைபடத்தில் போட்ட கோடு. இதற்கு மட்டும் எல்லையைத் தீர்மானிப்பது வழக்கின் பொருள். எந்த மாநிலத்தில் நடந்த வழக்கானாலும் சரி, குறிப்பிட்ட சில வகை என்றால் மேல்முறையீடு இங்கேதான் வரும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் சதுக்கத்தின் ஓரத்தில் அதன் கட்டடம் இருக்கிறது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? 1982-க்கு முன்னால் காப்புரிமை மீறல் வழக்கில் தோற்றவர் அந்தந்தப் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவார். ஒரு பகுதியில் காப்புரிமைக்காரருக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு, இன்னொரு பகுதியில் போனாலே காப்புரிமை செல்லாது என்று வந்துவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஓர் அறக்கட்டளை, ஆன்டெனா ஒன்றுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. எட்டாவது சர்க்யூட் அது செல்லாது என்றது. ஏழாவது சர்க்யூட் அதே காப்புரிமை செல்லும் என்றது. ஒரே காகிதம், ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள்! 1971-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஒரு காப்புரிமை ஓரிடத்தில் முறையான விசாரணைக்குப் பின் செல்லாது என்று ஆகிவிட்டால் அந்த உரிமையாளர் வேறு இடத்தில் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் பிறகு முதல் வழக்கு எங்கே நடக்கிறது என்பதே வாழ்வா சாவா என்று ஆனது. காப்புரிமைக்காரர் தனக்குச் சாதகமான ஊரில் வழக்குப் போட ஓடுவார். எதிராளி அவருக்கு முன்னால் தன் ஊரில் போட ஓடுவார்.

நெப்ராஸ்கா செனட்டர் ரோமன் ஹ்ரஸ்கா தலைமையில் அமைந்த ஆணையம் 1975-இல் இந்த ஓட்டப்பந்தயத்தைப் பதிவு செய்தது. ஆனாலும் தனித்துறை நீதிமன்றம் வைப்பதை அது விரும்பவில்லை. அதற்கு ஒரு பழைய கசப்பு இருந்தது. 1910-இல் ரயில்வே கட்டண வழக்குகளுக்கென்று வணிக நீதிமன்றம் என ஒன்றை அமெரிக்கா தொடங்கியது. அது ரயில்வே கம்பெனிகள் பக்கம் சாய்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதன் நீதிபதிகளில் ஒருவரான ராபர்ட் ஆர்ச்பால்ட், தன் முன் வழக்கு வைத்திருந்த கம்பெனிகளோடு சொந்த வியாபாரம் பேசினார் என்று செனட் அவரை 1913-இல் பதவி நீக்கம் செய்தது. அதே ஆண்டு முடிவில் நீதிமன்றத்தையே மூடிவிட்டார்கள். ஒரே தொழில்காரர்களின் முகத்தையே தினமும் பார்க்கும் நீதிபதி மெல்ல மெல்ல அவர்கள் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்ற பயம் அன்றிலிருந்து அமெரிக்கச் சட்ட உலகில் தங்கிவிட்டது.

1982-இல் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. புதிதாகக் காப்புரிமைக் கோர்ட் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு நீதிமன்றங்களை இணைத்தார்கள். ஒன்று சுங்கம் மற்றும் காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம். அதன் வேர் 1909-க்குப் போகிறது. இன்னொன்று அரசாங்கத்தின் மீது பணம் கேட்டுத் தொடுக்கும் வழக்குகளுக்காக 1855-இல் பிறந்த உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. அதிபர் ரீகன் ஏப்ரலில் கையெழுத்திட, அக்டோபர் 1 அன்று புதிய நீதிமன்றம் வேலையைத் தொடங்கியது. இரண்டு நீதிமன்றங்களின் நீதிபதிகளும் அப்படியே இங்கே வந்தார்கள். தன் முதல் தீர்ப்பிலேயே, அந்த இரண்டின் பழைய முன்தீர்ப்புகளும் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று அது அறிவித்தது. அதாவது, பிறந்த நாளிலேயே அதன் கையில் நூறாண்டுக்கு மேற்பட்ட சட்டம் இருந்தது.

அப்படியானால் என்னென்ன வழக்கு வருகிறது? நாடு முழுக்க உள்ள 94 மாவட்ட நீதிமன்றங்களின் காப்புரிமை வழக்குகள், காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயங்கள் தரும் முடிவுகள், சர்வதேச வர்த்தக ஆணையத்தின் இறக்குமதித் தடைகள் எல்லாம் வரும். வேலையில் பாதிக்கு மேல் இதுதான். 1986-இல் கோடாக் நிறுவனம் உடனடிப் புகைப்படக் கேமரா தொழிலையே விட்டு வெளியேற வேண்டிவந்தது போலராய்டு தொடுத்த வழக்கால். அந்த மேல்முறையீட்டைக் கேட்டது இந்த நீதிமன்றம். பிளாக்பெர்ரி போன் செய்த நிறுவனம் 2006-இல் 61 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஒரு காப்புரிமை வழக்கை முடித்துக்கொண்டதும் இங்கே ஒரு சுற்று வந்துபோன பிறகுதான்.

எந்த வழக்கு இங்கே வரும் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தேர்ந்த வக்கீல்களையே அது ஆச்சரியப்படுத்தும். ஆரக்கிள், கூகுள் மீது போட்ட ஜாவா வழக்கு கடைசியில் பதிப்புரிமைச் சண்டையாகவே முடிந்தது. பதிப்புரிமை இந்த நீதிமன்றத்தின் பாடமே இல்லை. ஆனால் ஆரக்கிள் முதலில் தாக்கல் செய்த மனுவில் காப்புரிமைக் குற்றச்சாட்டும் இருந்தது. அதனால் காப்புரிமைப் பகுதி நடுவில் உதிர்ந்துபோனாலும் மேல்முறையீடு இங்கே வந்தது. அப்படி வரும்போது தனக்குச் சொந்தமில்லாத பாடத்தில் அந்தப் பகுதி சர்க்யூட்டின் சட்டத்தையே இது பின்பற்ற வேண்டும். கலிஃபோர்னியா வழக்கு என்பதால் இங்கே ஒன்பதாவது சர்க்யூட்டின் சட்டம். 2014-இலும் 2018-இலும் ஆரக்கிள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்து, கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்றது. மென்பொருள் உலகமே வருடக்கணக்கில் காத்திருந்த வழக்கு இங்கே வந்ததற்குக் காரணம், முதல் மனுவில் இருந்த சில பத்திகள்.

அடுத்தது சுங்கம். நியூயார்க்கில் இருக்கும் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் மேல்முறையீடுகள் இங்கே வரும். நீண்ட காலமாக யாரும் கவனிக்காத மூலை அது. 2025-இல் நிலைமை தலைகீழானது. அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது வரி போட்டார். நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனமும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். ஜூலை 31 அன்று 11 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து வாதம் கேட்டார்கள். ஆகஸ்ட் 29 அன்று, 7-க்கு 4 என்ற கணக்கில், அந்தச் சட்டம் இப்படிப்பட்ட வரி போட அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை உடனே அமலாக்காமல் மேல்முறையீட்டுக்கு அவகாசம் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தது அதற்கு இரண்டே நாள் முன்னால், அதுவும் அதே சட்டத்தின் பேரில். திருப்பூரில் பனியன் ஆர்டர் நின்றுபோய்க் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த நீதிமன்றத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கமானது வேறு ஒரு வகை வழக்கு. காப்புரிமைக்காரர்கள் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முன்னாள் படைவீரர்களின் வழக்குகளைச் சொல்கிறேன். போரில் ஏற்பட்ட ஊனத்துக்கோ நோய்க்கோ உதவித்தொகை மறுக்கப்பட்டால், அதற்கென்றே உள்ள தனி நீதிமன்றத்துக்கு அவர்கள் போகலாம். அதற்கு மேல் இங்கே வரலாம். இங்கே சட்டக் கேள்வியை மட்டும்தான் கேட்கமுடியும். "என் காலில் பட்ட குண்டை டாக்டர் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை" என்று மறுபடி சொல்லமுடியாது.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் பலருக்குப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் வந்தன. வியட்நாம் மண்ணில் பணியாற்றியிருந்தால் குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காரணம் அந்த ரசாயனம்தான் என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும். தனியாக நிரூபிக்க வேண்டாம். ஆனால் கரையில் கால் வைக்காமல் கடலோரக் கப்பலில் இருந்தவர்களுக்கு? 2008-இல் இந்த நீதிமன்றம் அவர்களுக்குக் கிடையாது என்ற அரசின் விளக்கத்தை ஏற்றது. இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் 1966-இல் அந்தக் கடலில் இருந்த ஒரு வீரர் விடாமல் போராடினார். 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, வியட்நாம் என்ற நாட்டின் பெயருக்குள் அதன் 12 கடல் மைல் எல்லையும் அடக்கம் என்று சொல்லித் தன் பழைய தீர்ப்பையே மாற்றியது. சில மாதங்களில் நாடாளுமன்றமும் அதற்கென்று சட்டம் போட்டது. நடுவில் போன 11 வருடத்தில் எத்தனை பேர் காத்திருந்தபடியே இறந்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஹென்டர்சன் வழக்கும் அப்படித்தான். கொரியப் போரில் பணியாற்றிய அவருக்குக் கடுமையான மனநோய். மேல்முறையீட்டுக்குக் கெடு 120 நாள். அவர் 15 நாள் தாமதம். அந்த நோயால்தான் தாமதம் என்றார். கெடு என்றால் கெடு, விலக்கு தரும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை என்றது ஃபெடரல் சர்க்யூட். 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. படைவீரர்களுக்காகப் பரிவோடு வகுத்த ஏற்பாட்டில் இத்தனை கறார் பொருந்தாது என்பதே அதன் சாரம். நான் சட்டத்தின் கறாரை வைத்துப் பிழைப்பவன். ஆனாலும் இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதே சரி.

இதே வரிசையில் இன்னும் உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் மேல்முறையீடு, அரசு ஒப்பந்தத் தகராறு, தடுப்பூசியால் பாதிப்பு என்று இழப்பீடு கேட்கும் குடும்பங்களின் வழக்கு. ஊழியர் வழக்குகளில் வக்கீல் வைக்க வசதியில்லாமல் தாங்களே எழுதித் தாக்கல் செய்பவர்கள் நிறைய. முறைகேட்டை வெளிச்சம் போட்டதற்காகப் பழிவாங்கப்பட்ட ஊழியர்கள் மட்டும் இப்போது மற்ற சர்க்யூட்களுக்கும் போகலாம். 2012-இல் சோதனையாகத் தொடங்கி 2018-இல் நிரந்தரமாக்கினார்கள். இந்த நீதிமன்றம் அவர்களிடம் கருணையில்லாமல் நடந்துகொள்கிறது என்று பல வருடமாக எழுந்த புகாரின் விளைவு அது. எல்லா வழக்கும் ஒரே வாசலில் வந்தால் சட்டம் ஒரே சீராக இருக்கும். ஆனால் அந்த ஒரே வாசல் தவறினால் தட்டுவதற்கு வேறு கதவு இருக்காது.

சரி, நீதிபதிகளுக்கு வருவோம். சட்டப்படி இடம் 12. அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும்; பதவி ஆயுள் முழுக்க. எஞ்ஜினியரிங் பட்டம் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பதாரர் சார்பில் ஆஜராகும் ஏஜென்டுக்கு அறிவியல் படிப்பு கட்டாயம், அந்த விண்ணப்பத்தின் மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதிக்குக் கட்டாயம் இல்லை. இந்த நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள விதி வேறொன்று: பணியிலிருக்கும் நீதிபதி வாஷிங்டனிலிருந்து 50 மைலுக்குள் குடியிருக்க வேண்டும். திறமையான ஆள் கலிஃபோர்னியாவில் இருந்தால் குடும்பத்தோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

இப்போதைய கலவையைப் பாருங்கள். 2021 முதல் தலைமை நீதிபதியாக இருக்கும் கிம்பர்லி மூர் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். ரேமண்ட் சென், காரா ஸ்டோல் இருவரும் மின்பொறியியல்காரர்கள். டிஃபனி கன்னிங்ஹாம் வேதிப் பொறியியல்; இந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. ஆலன் லூரி வேதியியலில் முனைவர். இன்னொரு பக்கம் ஜிம்மி ரெய்னா சர்வதேச வர்த்தக வழக்கறிஞராக இருந்தவர். டாட் ஹியூஸ் அரசுத் தரப்பு வக்கீலாக வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். லியனார்ட் ஸ்டார்க் டெலவேர் மாவட்ட நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குகளை நேரில் விசாரித்த அனுபவத்தோடு வந்தவர். சுமார் பாதிப் பேர் அறிவியல் பின்னணி, மீதிப் பேர் வேறு அனுபவம்.

இதில் பாலின் நியூமன் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1927-இல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர். பழைய நீதிமன்றங்களிலிருந்து வராமல் நேரடியாக இங்கே நியமிக்கப்பட்ட முதல் நீதிபதி அவர், ஆண்டு 1984. மாறுபட்ட தீர்ப்புகளுக்குப் பெயர் போனவர். 2023-இல் அவரது உடல்நிலை, மனநிலை குறித்துச் சக நீதிபதிகள் விசாரணை தொடங்கினார்கள். கேட்ட மருத்துவப் பரிசோதனைக்கு அவர் சம்மதிக்கவில்லை. புதிய வழக்குகள் தருவதை நிறுத்தி வைத்தார்கள். அதை எதிர்த்து அவர் வழக்காடினார். இடம் அவருடையதுதான், வழக்கு மட்டும் கிடையாது. இதைப் பார்க்கும்போது எனக்கு ஜைல்ஸ் ரிச் நினைவுக்கு வருவார். 1952-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான அவர், பணியில் இருந்தபடியே 1999-இல் 95 வயதில் இறந்தார். வணிக முறைகளுக்கும் காப்புரிமை உண்டு என்று கதவைத் திறந்துவிட்ட 1998-ஆம் ஆண்டு ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்பை எழுதியபோது அவருக்கு வயது 94.

வழக்கமான வழக்கை மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். யார் அந்த மூவர் என்பது வாதம் நடக்கும் அன்று காலையில்தான் வக்கீல்களுக்கே தெரியும். ஆளைப் பார்த்து வாதத்தை வளைக்க முடியாது என்பதால் எனக்கு இது பிடிக்கும். பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. கீழ்நிலை முடிவு சரி என்றால் காரணம் எதுவும் எழுதாமல் "உறுதி செய்யப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க இவர்கள் வைத்திருக்கும் 36-வது விதி. பல வருடம் போராடி வந்தவருக்கு ஏன் தோற்றோம் என்று இரண்டு பத்தியாவது எழுதித் தருவது நீதிமன்றத்தின் கடமை.

மேலே உச்ச நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கிறது? காப்புரிமையில் நாடு முழுக்க ஒரே குரல் இருப்பதால், தவறு நடந்தால் எதிர்க்குரல் கொடுக்க வேறு சர்க்யூட் இல்லை. அந்த வேலையை உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. 2006-இல் ஈபே வழக்கில், மீறல் நிரூபணமானால் தடையாணை ஏறக்குறைய தானாக வரும் என்ற இங்குள்ள வழக்கத்தை உடைத்தது. 2007-இல் கே.எஸ்.ஆர். வழக்கில், எது எளிதில் தோன்றக்கூடிய கண்டுபிடிப்பு என்பதற்கு இவர்கள் வைத்திருந்த இறுக்கமான சோதனையைத் தளர்த்தியது. ஒரே பாடத்தை நிறையப் படித்தவர்கள் பொதுச் சட்டத்திலிருந்து விலகித் தங்களுக்கென்று தனி விதி செய்துகொள்வார்கள் என்ற 1913-ஆம் ஆண்டுப் பயம் அந்தத் தீர்ப்புகளில் கேட்கும்.

நம் ஊரிலும் இதே பரிசோதனை நடந்தது. சென்னை அண்ணா சாலையில் தலைமையகம் வைத்து 2003-இல் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில், நீதித்துறை உறுப்பினரோடு தொழில்நுட்ப உறுப்பினரும் சேர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்கா எடுக்கத் துணியாத அடி அது. ஆனால் உறுப்பினர் நாற்காலிகள் அடிக்கடி காலியாகவே கிடந்தன. 2021-இல் வாரியத்தைக் கலைத்து வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள்; சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023-இல் இதற்கென்று தனிப் பிரிவு வந்தது. அந்தப் பிரிவின் நீதிபதிகள் மற்ற வழக்குகளுக்கும் சுழற்சியில் போய் வருவதை நான் நல்லதாகவே பார்க்கிறேன்.

ஃபெடரல் சர்க்யூட்டின் தீர்ப்புகளைப் படிக்க நேரம் இல்லாவிட்டால், அதன் இணையதளத்தில் வாதங்களின் ஒலிப்பதிவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் பெரும்பாலும் 15 நிமிடம்தான், சாப்பிட்டுக்கொண்டே ஒன்றைக் கேட்டுவிடலாம். காப்புரிமை வழக்கோடு நிறுத்திவிடாமல் அதே நாளில் நடந்த ஒரு படைவீரர் வழக்கையும் கேளுங்கள். அரை மணி முன்னால் சிப்புக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கேட்ட அதே குரல், இப்போது ஒரு முதியவரின் விண்ணப்பத்தில் எந்தத் தேதி எழுதியிருந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும்.